தண்டனையும் தண்டலும்

தண்டனை வேறு, தண்டல் வேறு. தண்டனை தப்பு செய்தவனுக்கு; தண்டல் கடன் வாங்கியவனுக்கு. சாயங்காலமானால் மார்க்கெட்டில் கடை கடையாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வருவார், கவனித்திருப்பீர்கள். தண்டல்காரர். கீரைக்கார அம்மா மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் அவருக்கு ஒன்றும் பெரிய சந்தோஷம் கிடையாது. பாக்கி நிற்கும் வரைதான் அவருக்குப் பிழைப்பு.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநில அரசாங்கம் பதினாறு வருஷம் இந்தத் தண்டல் தொழிலைச் செய்துவிட்டு, 2019-ல் ஒரு சட்டம் போட்டு மூட்டை கட்டியது. மிஷிகன் பதினைந்து வருஷம் நடத்தியது. வர்ஜீனியா 2007-ல் ஆரம்பித்து, ஒன்பதே மாதத்தில் கடையைச் சாத்திவிட்டது. மூன்று இடத்திலும் சரக்கு ஒன்றுதான். போக்குவரத்து விதியை மீறியவரிடம் கோர்ட் அபராதம் வாங்கிய பிறகும், அதற்கு மேல் வருஷா வருஷம் அரசாங்கம் வாங்கும் கூடுதல் கட்டணம். ஒரே சரக்கு விற்ற கடைகளில் ஒன்று ஒன்பது மாதத்திலும், இன்னொன்று பதினாறு வருஷம் கழித்தும் மூடப்பட்டது ஏன்? எனக்கு இந்தக் கேள்விதான் சுவாரஸ்யமாக இருக்கிறது. விடை அவ்வளவு கௌரவமானதல்ல என்பதால் இன்னும் சுவாரஸ்யம்.

முதலில் டெக்ஸாஸ். திட்டத்துக்கு வைத்த பெயர் மங்களகரமானது: 'டிரைவர் ரெஸ்பான்ஸிபிலிடி புரோகிராம்'. ஓட்டுநர் பொறுப்புணர்வுத் திட்டம். (அரசாங்கம் எதற்காவது பொறுப்புணர்வு என்று பெயர் வைத்தால் உடனே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.) விதி மீறல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாயிண்ட். விபத்தும் சேர்ந்தால் மூன்று. மூன்று வருஷத்துக்குள் ஆறு பாயிண்ட் சேர்ந்துவிட்டால் வருஷத்துக்கு 100 டாலர். அதற்கு மேல் போனால் பாயிண்டுக்கு 25. இது சாதா. ஸ்பெஷல் அயிட்டங்களுக்குப் பாயிண்ட் கணக்கே கிடையாது, நேரடி வசூல்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 100 டாலர் வீதம் மூன்று வருஷம். இன்ஷூரன்ஸ் இல்லாமலோ, ரத்தான லைசென்ஸை வைத்துக்கொண்டோ ஓட்டினால் 250 வீதம் மூன்று வருஷம். குடித்துவிட்டு ஓட்டினால் 1,000 வீதம் மூன்று வருஷம். இரண்டாம் தடவை மாட்டினால் 1,500. ரத்தத்தில் ஆல்கஹால் 0.16 சதவீதத்தைத் தொட்டிருந்தால் 2,000.

இத்தனையும் கோர்ட்டில் கட்டிய அபராதத்துக்கு மேலே என்பதை மறந்துவிடக் கூடாது.

"தப்பு செய்தவன் கட்டட்டுமே, உங்களுக்கு என்ன சார் வலிக்கிறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்காக நானும் வக்காலத்து வாங்கத் தயாராக இல்லை. அவனை ஓரமாக வைத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கூலி வேலை செய்பவர். அந்த மாதம் வாடகை கட்டுவதா, இன்ஷூரன்ஸ் கட்டுவதா என்று வந்தபோது வாடகையைக் கட்டிவிட்டார். போலீஸ் நிறுத்துகிறது. கோர்ட் அபராதம் முதல் தடவை என்றால் 175 டாலரிலிருந்து 350 வரை. அங்கே இங்கே புரட்டிக் கட்டிவிடுகிறார். விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார். முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம்: 250 டாலர் கட்டவும். அடுத்த வருஷமும் கட்டவும். அதற்கடுத்த வருஷமும். ஆக 750. வாடகை வீட்டுக்காரர், வீடு மாறிவிட்டார் என்றால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய் எங்கோ கிடக்கும். கட்டவில்லையா? லைசென்ஸ் ரத்து.

இனி அவர் என்ன செய்வார்? பஸ்ஸில் போகலாமே என்று நாம் சொல்வோம். நமக்கு அதுதான் தோன்றும். டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த எந்தப் பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள். பால் வாங்கவும் கார், கோயிலுக்கும் கார். பையன் ஆபீஸ் போய்விட்டால் அம்மாவும் அப்பாவும் ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நடைபாதைகூட இல்லாத தெருக்கள் ஏராளம். அந்த ஊரில் லைசென்ஸை ரத்து செய்வது என்றால் வேலைக்குப் போகாதே என்று சொல்வதற்குச் சமம். வேலைக்குப் போகாவிட்டால் பாக்கியைக் கட்டுவது எப்படி? எனவே ஓட்டுவார். ரத்தான லைசென்ஸோடு ஓட்டியதற்கு மறுபடி மாட்டுவார். அதற்குத் தனியாக 250 வீதம் மூன்று வருஷம். இப்போது மொத்தம் 1,500. லைசென்ஸ் ரத்தானவர் ஒழுங்காக இன்ஷூரன்ஸ் எடுப்பதும் லேசில்லை. அதனால் அந்தக் கேஸும் கூடவே இன்னொரு தடவை விழுந்தால் 2,250. இது கோர்ட் அபராதங்களைச் சேர்க்காத கணக்கு. முதலில் செய்த தப்பு ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் அந்தக் கட்டணமே பெற்றுப்போட்ட குட்டிகள்.

இதில் ஒரு வார்த்தை ஜாலம் இருக்கிறது. அபராதம் என்றால் அதற்குச் சில சம்பிரதாயங்கள் உண்டு. ஜட்ஜ் ஒருவர் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இவரால் முடியுமா, தவணை தரலாமா, குறைக்கலாமா என்று யோசிக்க அவருக்கு இடமிருக்கும். 'இது அபராதமே இல்லை, நிர்வாகக் கட்டணம்தான்' என்று பெயரை மாற்றிவிட்டால் ஜட்ஜ் தேவையில்லை. கம்ப்யூட்டர் போதும். டெக்ஸாஸில் இதை விதித்தது கோர்ட் அல்ல, மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை. வசூலிக்க ஒரு தனியார் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கான சர்வீஸ் சார்ஜும் மாட்டியவர் தலையில்தான். வர்ஜீனியாவில் ஜட்ஜ் முன்னால்தான் விதித்தார்கள். ஆனால் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ அவருக்கு அதிகாரம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை? முன்னோடி நியூ ஜெர்ஸி. 1983-லேயே ஆரம்பித்தது. அந்த மாநிலம் ஒருபடி மேலே போய், இனி வரப்போகும் கட்டணங்களை ஆதாரமாகக் காட்டி 2004-ல் கடன் பத்திரங்களே வெளியிட்டது. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இனிமேல் நடக்கப்போகிற தப்புகளை அடகு வைத்து அரசாங்கம் இன்றைக்குக் கடன் வாங்குகிறது. அந்த ஊர் மக்கள் எல்லோரும் திடீரென்று உத்தமர்களாகி ஒழுங்காக ஓட்டத் தொடங்கிவிட்டால், நிதித் துறைக்கு ஜுரம் வந்துவிடும்.

டெக்ஸாஸும் மிஷிகனும் ஒரே வருஷம், 2003-ல், இதைப் பிடித்துக்கொண்டன. காரணம் சாலைப் பாதுகாப்பு என்று சொன்னார்கள். அந்த வருஷம் டெக்ஸாஸ் பட்ஜெட்டில் சுமார் 1,000 கோடி டாலர் துண்டு விழுந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிஷிகன் கஜானாவும் காலி. வரியை ஏற்றினால் ஓட்டு போய்விடும். தப்பு செய்தவன் தலையில் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? எந்த எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து நின்று, 'குடிகார டிரைவர்களுக்கு அநீதி' என்று பேசுவார்? அரசியல்வாதிக்கு இதைவிட வசதியான வரி கிடையாது. வரி என்ற பெயரே இல்லாத வரி.

டெக்ஸாஸ் இன்னொரு சாமர்த்தியமும் செய்தது. வசூலில் கிட்டத்தட்ட பாதியை, விபத்தில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் ட்ராமா ஆஸ்பத்திரிகளுக்கு ஒதுக்கியது. கேட்க மிக நன்றாக இருக்கிறது. விபத்தை உண்டாக்குகிறவன் காசில் விபத்து வார்டு. ஆனால் அதன் பலன், திட்டத்தை ரத்து செய்யலாமா என்று ஒவ்வொரு தடவையும் பேச்சு எழுந்தபோது, 'அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு யார் பணம் தருவது?' என்ற கேள்வி கதவை அடைத்தது. டாக்டர்களையும் ஸ்ட்ரெச்சரையும் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே தண்டல் நடந்தது. இது ஒரு பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி என்பது எல்லோருக்குமான தேவை. அதற்கான செலவைக் கட்டவே முடியாத ஏழைகளின் பாக்கியிலிருந்து எதிர்பார்ப்பது கணக்காகவும் உதவாது, தர்மமாகவும் ஆகாது.

கணக்காக உதவவில்லை என்பது கடைசியில் தெளிவாகவே தெரிந்தது. 2019-ல் திட்டத்தை மூடும்போது வசூலாகாமல் நின்ற பாக்கி சுமார் 250 கோடி டாலர். இருக்கிறவன் கட்டிவிட்டான். இல்லாதவனிடம் நோட்டில் எழுதிக்கொண்டே போனார்கள். நடுவே 2011-ல் பாக்கிக்காரர்களுக்குச் சலுகை, ஏழைகளுக்குத் தள்ளுபடி என்றெல்லாம் ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டு நிற்கவில்லை.

பாதுகாப்பாவது வந்ததா? டெக்ஸாஸ் ஜட்ஜுகளும் வக்கீல்களும் சட்டசபைக் கமிட்டிகளில் வந்து சொன்னது வேறு கதை. குடித்துவிட்டு ஓட்டியதை ஒப்புக்கொண்டால் மூவாயிரம் டாலர் தனியாகத் தீட்டுவார்கள் என்று தெரிந்ததும், ஒப்புக்கொள்ள ஆளில்லை. கேஸை இழுத்தார்கள். வேறு சின்னக் குற்றத்துக்கு மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசினார்கள். குடிபோதைக் கேஸுகள் கோர்ட்டில் தேங்கின. வக்கீல் வைக்கக் காசிருந்தவர் தப்பித்தார். தவிர, லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் லட்சக்கணக்கான பேர் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வண்டியில் இடித்தால் நஷ்டஈடு யாரிடம் கேட்பீர்கள்? பொறுப்புணர்வுத் திட்டம் உற்பத்தி செய்த பொறுப்புணர்வு அவ்வளவுதான்.

இப்போது வர்ஜீனியாவுக்கு வருவோம். அங்கே கதை காமெடி ட்ராக் மாதிரி ஓடியது.

வாஷிங்டனை ஒட்டிய வட வர்ஜீனியாவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பகுதியின் டிராஃபிக் பிரசித்தம். சாலை போடப் பணம் வேண்டும். பெட்ரோல் வரி காலனுக்கு பதினேழரை சென்ட், எண்பதுகளிலிருந்து அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. எனவே 2007-ல் ஒரு பெரிய சாலைச் சட்டத்துக்குள் இந்தக் கட்டணங்களையும் செருகினார்கள். ஜூலை 1 முதல் அமல். வருஷத்துக்குச் சுமார் ஆறரைக் கோடி டாலர் வரும் என்று எதிர்பார்ப்பு. குடிபோதைக்கு 750 வீதம் மூன்று தவணை, ஆக 2,250. தாறுமாறாக ஓட்டினால் 350 வீதம் மூன்று, ஆக 1,050.

இந்தத் 'தாறுமாறு'தான் சட்டத்துக்கு எமனாக வந்தது. வர்ஜீனியாவில் அப்போது மணிக்கு 80 மைலைத் தாண்டினாலே தாறுமாறு. நிர்ணயித்த வேகத்துக்கு மேல் 20 மைல் போனாலும் தாறுமாறு. அதாவது லேட்டாகிவிட்டதே என்று ஹைவேயில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திய அக்கவுண்டன்ட், ஸ்கூலிலிருந்து குழந்தையை அழைத்துவரப் பறக்கும் அம்மா, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, எல்லோரும் வலையில். 1,050 டாலர்! இதில் இன்னொரு கூத்து, கட்டணம் வர்ஜீனியாவாசிகளுக்கு மட்டும். பக்கத்து மேரிலாண்டிலிருந்து வந்து அதே வேகத்தில் பறந்தவருக்குக் கோர்ட் அபராதம் மட்டும்தான். வெளியூர்க்காரரிடம் மூன்று வருஷம் துரத்தி வசூலிப்பது கஷ்டமாம். சொந்த வீட்டுப் பிள்ளைக்கு அடி, விருந்தாளிக்கு காபி. போதாக்குறைக்கு, சட்டத்துக்காக முன்நின்ற உறுப்பினர்களில் ஒருவர் டிராஃபிக் கேஸ்கள் நடத்தும் வக்கீல் அலுவலகத்தின் பங்குதாரர் என்று பத்திரிகைகள் எழுதின. கட்டணம் ஏறினால் வக்கீலைத் தேடி வருகிறவர்களும் ஏறுவார்கள் அல்லவா?

வெடித்தது. ஆட்சேப மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு நியாயம், உள்ளூர்க்காரருக்கு ஒரு நியாயமா என்று கேட்டு, ஒரு கீழ்க்கோர்ட் ஜட்ஜ் இது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று தீர்ப்பளித்தார். மேல்கோர்ட் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த நவம்பரில் சட்டசபையின் 140 இடங்களுக்கும் தேர்தல். மேல்கோர்ட்டுக்கும் மேலே ஒரு கோர்ட் இருக்கிறதே! சட்டத்துக்குக் கை தூக்கியவர்களே, 'நாங்கள் எதிர்பார்த்தது இதுவல்ல' என்று பின்வாங்கத் தொடங்கினார்கள். 2008 மார்ச்சில் கவர்னர் டிம் கெய்ன் ரத்து சட்டத்தில் கையெழுத்திட்டார். அதோடு நிற்கவில்லை. கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. வர்ஜீனியாவில் மாட்டியவர் வேகமாகப் போனவர். வேகமாகப் போவது எல்லா வர்க்கத்துக்கும் உள்ள பழக்கம். அவருக்கு இன்டர்நெட் இருக்கிறது, தொகுதி எம்.எல்.ஏ.வின் நம்பர் தெரியும், பேப்பருக்குக் கடிதம் எழுதத் தெரியும். டெக்ஸாஸிலும் மிஷிகனிலும் திரும்பத் திரும்ப மாட்டியவர் இன்ஷூரன்ஸ் கட்ட முடியாதவர். மிஷிகனில், அதுவும் டெட்ராய்டில், கார் இன்ஷூரன்ஸ் நாட்டிலேயே மிக அதிகம் என்று பெயர் வாங்கியது. அவரால் பிரீமியமும் கட்ட முடியாது, மனு போடவும் நேரமில்லை. இரண்டு ஷிப்ட் வேலைக்கு நடுவே கண்ணாடியில் பின்னால் போலீஸ் வண்டி வருகிறதா என்று பார்ப்பதிலேயே அவர் பொழுது போய்விடும். ஆறரைக் கோடி டாலர் அநியாயம் ஒன்பது மாதத்தில் தீர்ந்ததும், 250 கோடி டாலர் அநியாயம் பதினாறு வருஷம் நின்றதும் இப்படித்தான்.

மிஷிகன் 2018-ல் நிறுத்தியது. சுமார் மூன்றரை லட்சம் பேரின் 63 கோடி டாலருக்கும் மேற்பட்ட பாக்கியை அக்டோபர் 1 முதல் தள்ளுபடி செய்தது. கவர்னர் ரிக் ஸ்னைடர் குடியரசுக் கட்சிக்காரர், பணக்காரர், பிஸினஸ்காரர். வராத கடனை எப்போது எழுதித் தள்ள வேண்டும் என்று பிஸினஸ்காரருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

டெக்ஸாஸின் ரத்து சட்டத்தைக் கொஞ்சம் பாராட்ட வேண்டும். 2019-ல் அதைக் கொண்டுவந்தவர் ஜான் ஸெர்வாஸ். அவரே ஒரு டாக்டர். ஆஸ்பத்திரிக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு அவருடைய மசோதா நேராகப் பதில் சொன்னது. போக்குவரத்து மீறலுக்கான மாநில அபராதம் 30 டாலரிலிருந்து 50 ஆனது. இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வருஷத்துக்கு 2 டாலராக இருந்த கட்டணம் 4 ஆனது. அவ்வளவுதான். எல்லோரும் ஆளுக்கு இரண்டு டாலர் கூடுதலாகப் போட்டால் நடக்கிற காரியத்துக்கு, பதினாறு வருஷமாகச் சிலரைக் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார்கள். குடிகாரர்களையும் சும்மா விடவில்லை. முதல் தடவைக்கு 3,000 டாலர், கூடுதல் போதைக்கு 6,000 என்று வைத்தார்கள். ஆனால் இந்தத் தடவை அது கோர்ட்டில், ஜட்ஜ் முன்னால். உண்மையிலேயே வக்கற்றவர் என்றால் தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. அதே தொகைதான், ஆனாலும் இது தண்டனை, முன்பு நடந்தது தண்டல். கவர்னர் கிரெக் அபோட் கையெழுத்திட, 2019 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

வேடிக்கையான தற்செயல் ஒன்று. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைப் பல மடங்கு ஏற்றியதும் அதே 2019 செப்டம்பர் 1-ந் தேதிதான். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், குடிபோதைக்கு 10,000. குஜராத் அந்த மாதமே பல அபராதங்களைக் குறைத்துக்கொண்டது. தமிழ்நாடு 2022 அக்டோபர் வரை இழுத்தடித்து, அப்புறம் ஏற்றியது. நம்முடையது ஒரு தடவை கட்டினால் தீர்ந்துவிடும் அபராதம், மூன்று வருஷத் தண்டல் அல்ல. அதனால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப விரும்பவில்லை.

டெக்ஸாஸில் அன்று காலை 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாக்கி ஒரே நாளில் பூஜ்யமானது. அவர்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு தடை எதுவும் இல்லாததால் லைசென்ஸ் உடனே செல்லுபடியானது. மற்றவர்கள் புதுப்பிக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அல்லது ஏதாவது ஒரு கோர்ட்டில் கட்டாமல் விட்ட பழைய அபராதம் குறுக்கே நிற்கும், அதற்கு வேறு ஒரு பட்டியல் இருந்தது. இரவல் வாங்கியும் நகையை அடகு வைத்தும் மூன்று வருஷத் தவணையையும் ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களும் பல லட்சம் பேர் உண்டு. வர்ஜீனியாவின் வேகக்காரர்களுக்குக் கிடைத்த ரீஃபண்ட் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 1-க்கு முன் கட்டியது கட்டியதுதான் என்று துறை அறிவித்துவிட்டது.